யோகம் பிழைவிட்ட கணக்குகள்

போன வெள்ளிக்கிழமை நீங்கள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, கதிரை போட்டு இருத்தி, தேநீரும் வாய்ப்பனும் தந்து உபசரித்தீர்கள். அப்போது ஓய்வறையில் நடந்த வாக்குவாதம் முழுவதையும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று. புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிஞ்சிலே பழுத்துப் போகிறார்கள் என்றார். சங்கீத ரீச்சர் விடவில்லை. பதினாறு வயதிலும் தாய் சோறு தீத்திவிட வேண்டியிருக்கிறது, இவர்கள் எங்கே வளருகிறார்கள் என்று கேட்டார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினீர்கள். "நீங்கள் இவ்வளவு காலம் படிப்பிச்சனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ" என்றீர்கள். நான் தலையிடி என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

எனக்குத் தலையிடி ஒன்றுமில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வேலைக்குப் புதியவர்கள். இதை வாசித்த பிறகு என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையலாம். குறையட்டும்.

வெள்ளைக்காரன் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டை விட்டுக் கப்பலேறி மூன்று நான்கு வருடம் இருக்கும். துறைமுகத்தை நம்பி இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் கிடந்த காலம். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. கெட்டிக்காரி என்று பெயரெடுத்திருந்தேன். கோபக்காரி என்றும் பெயர் இருந்தது. இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் நடேசன் என்று ஒரு பையன். வீடு உப்புவெளியில். தகப்பன் டொக்யாட்டில் வேலை பார்த்தவர். வேலை போனதும் தம்பலகாமத்தில் வயல் வேலைக்குப் போய், சனி ஞாயிறுகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். நடேசன் இரண்டு முறை பெயிலானவன். பன்னிரண்டு வயதில் ஐந்தாம் வகுப்பில் இருந்தான், அடுத்த வருடமும் அங்கேயே இருக்க வேண்டி வந்தது. மொக்கன் இல்லை, மெதுவானவன். ஒரு கணக்கை நான் கரும்பலகையில் செய்து முடித்து அழித்த பிறகும் அவன் அதையே யோசித்துக்கொண்டிருப்பான். யோசித்து முடித்தால் பிறகு மறக்கமாட்டான். நெடும்பிரித்தல் கணக்கு அவனுக்குப் பிடிபட ஆறு மாதம் சென்றது. பிடிபட்ட பிறகு வகுப்பில் அவனைப் போல் பிசகில்லாமல் செய்ய ஆளில்லை.

அவனுடைய தங்கை யோகேஸ்வரி மூன்றாம் வகுப்பில் படித்தாள். யோகம் என்று கூப்பிடுவோம். எட்டு வயது. கணக்கைச் சொல்லி வாய் மூடுவதற்குள் விடை வந்துவிடும். ஆசிரியர் வராத ஒரு நாள் அவர்களுடைய வகுப்பையும் நான் சேர்த்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புக்குக் கொடுத்த கணக்குகளை அவள் அடுத்த வாங்கில் இருந்தபடியே வாய்க்குள் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளைகூடப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்ததில்லை. இவளை நாலாம் வகுப்பைத் தாண்டி நேரே ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றினால் அடுத்த வருடமே எழுதலாம். முறைப்படி அவள் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது எனக்கு இடமாற்றம் வந்துவிடும். வேறு யாரோ பெயர் வாங்குவார்கள். உண்மையைச் சொல்வதென்றால், என் அவசரத்துக்கு அதுதான் காரணம்.

தலைமையாசிரியர் முதலில் சம்மதிக்கவில்லை. நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். "முதலாம் தவணைச் சோதினையில முதல் ஐஞ்சு பேருக்குள்ள வரோணும். வராட்டி நாலாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்புவன். பிறகு என்னோட கதைக்க வரப்படாது" என்றார்.

சின்னஞ்சிறுசுகளின் அரிவரி வகுப்பு படிப்பிக்கும் வாத்தியார் ஒருவர் இருந்தார். மத்தியானத்தில் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். அதனால் அவர் சொல்லுக்கு எங்களிடம் பெறுமதி இல்லை. அவர் என்னை வழிமறித்துச் சொன்னார்.

"ரீச்சர், பிள்ளையைத் தூக்கி வைக்கிறது சுகமான வேலை. வைக்கிற இடத்தில ஆர் இருக்கினம் எண்டு ஒருக்காப் பாத்திட்டு வையுங்கோ."

"அவன்ர மந்தத்துக்கு இவள் ஏன் காத்திருக்கோணும்?" என்று கேட்டேன்.

"அவள் எங்க காத்திருக்கிறாள்? கொக்கான் வெட்டி விளையாடுறாள். எட்டு வயசு. விளையாடட்டுமன்."

நித்திரைக்காரரின் நியாயம் என்று சிரித்துவிட்டு நான் அடுத்த நாளே பஸ் ஏறி உப்புவெளிக்குப் போனேன். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்ற ஆசை. அன்று சனிக்கிழமை என்றபடியால் தகப்பனும் வீட்டில் இருந்தார். தாய்க்கு ஆனந்தத்தில் என்ன தருவது என்று தெரியவில்லை. குசினிக்கும் விறாந்தைக்குமாக ஓடினாள். தகப்பன் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டுச் சொன்னார், "அப்ப அண்ணனும் தங்கச்சியும் ஒரே வகுப்போ? மூத்தவன்ர பாடு முடிஞ்சுது!" எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நடேசனும் சிரித்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள், நான் தலைமையாசிரியையாக வந்ததும் முதலில் ஒழித்தது அதைத்தான். ஒவ்வொரு தவணைச் சோதனை முடிந்த பிறகும் திங்கட்கிழமை காலையில் பெயர்களைப் புள்ளிப்படி வாசிப்போம். முதலாவதாக வந்த பிள்ளை முன் வாங்கின் முதல் இடத்தில் இருக்கும். கடைசிப் பிள்ளைக்குச் சுவரோரத்துப் பின் வாங்கு. அடுத்த தவணை வரைக்கும் அதுதான் இடம். எல்லாப் பாடத்தையும் கூட்டுவதுமில்லை, கணக்குப் புள்ளி மட்டும்தான். எங்கள் தலைமையாசிரியருக்குக் கணக்குத்தான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. ஊரில் எல்லாருக்கும் இந்த வழக்கம் தெரியும். "உன்ர மகன் எத்தினையாம் வாங்கு?" என்று சந்தையில் வைத்தே கேட்பார்கள்.

முதலாம் தவணைச் சோதனை வந்தது. திங்கட்கிழமை வாங்கு மாற்றம். அன்றைக்கே புலமைப்பரிசிலுக்குப் பெயர் அனுப்பவும் வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தாள்களைத் திருத்தினேன். பதினைந்து கணக்குகள். யோகத்தின் தாளை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், பலகாரத்தைக் கடைசியில் தின்பதற்கு வைத்திருப்பது போல. முதல் ஐந்தும் சரி. மீதிப் பத்தும் பிழை.

தாளை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்துக் கணக்கிலும் வழி ஒரு பிசகில்லாமல் இருந்தது. கடைசியில் எழுதிய விடையில் மட்டும் ஒன்று கூட. எண்பத்துநாலு வரவேண்டிய இடத்தில் எண்பத்தைந்து. இருநூறு வரவேண்டிய இடத்தில் இருநூற்றொன்று. தெரியாத பிள்ளை விடும் பிழை கண்டபாட்டுக்கு இருக்கும். இவளுக்கு வேறு எப்படிப் பிழை விடுவது என்று தெரியவில்லை. விடைக்குத்தான் புள்ளி என்பதால் முப்பத்துமூன்று. நடேசன் அந்த முறை நாற்பத்தேழு எடுத்திருந்தான். அதற்கு முந்தியெல்லாம் அவன் இருபதைத் தாண்டியதில்லை.

பள்ளி விட்டதும் அவளை நிற்கச் சொன்னேன். நடேசன் இரண்டு பேருடைய புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு படலையடியில் தங்கைக்காகக் காத்து நின்றான். யன்னலால் பார்த்தால் தெரியும்.

"வழி சரி, விடை பிழை. வேணுமெண்டுதானே எழுதினனீ?" என்று கேட்டேன்.

தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோகம், எனக்குக் கோபம் வரப்பண்ணாத."

"அண்ணாவுக்கு எத்தினை ரீச்சர்?"

"நாற்பத்தேழு."

அவளுடைய முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப நான்தானே கீழ?" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போல ஒழுங்காகச் சொன்னாள். "அப்பா சொன்னவர், இந்தச் சோதினையில அண்ணா எனக்குக் கீழ வந்தால் படிச்சது காணுமாம், தம்பலகாமத்துக்குத் தன்னோட வயலுக்கு வரட்டாம். அண்ணாவுக்கு இப்பதான் ரீச்சர் கணக்கு வருகுது. ஆறுதலாத்தான் செய்வான். ஆனாச் செய்வான். இப்பிடியே விடுங்கோ ரீச்சர். என்னைத் திருப்பி நாலாம் வகுப்பில விட்டாலும் பரவாயில்லை. அடுத்த வருசம் முழுக்கச் சரியா எழுதுவன். சாமி சத்தியமா எழுதுவன்."

ஒன்பது வயது முடியவில்லை அந்தப் பிள்ளைக்கு. அண்ணன் எத்தனை எடுப்பான் என்று மனதில் கணக்குப் போட்டு, அதற்குக் கீழே தான் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து, ஐந்து சரி பத்துப் பிழை என்று தீர்மானித்திருக்கிறாள். அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் வராத யோசனை அது.

அவள் சொன்னபடியே நான் விட்டிருக்கலாம். தலைமையாசிரியர் அவளை நாலாம் வகுப்புக்கு அனுப்பியிருப்பார். அங்கே அவள் தன் வயதுப் பிள்ளைகளோடு ஒரு வருடம் கொக்கான் வெட்டியிருப்பாள். நடேசன் பின் வாங்கிலிருந்து முன்னுக்கு வந்திருப்பான். யாருக்கு என்ன நட்டம்? நச்சரித்து வாங்கிய அனுமதி பிழைத்துப்போய், தலைமையாசிரியர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்பிள்ளை ஆண்பிள்ளைக்காகத் தன் படிப்பைத் தாழ்த்துவதா, இதை எங்கே போய்ச் சொல்வது என்று அவளிடம் பெரிய பிரசங்கமே வைத்தேன். அந்த நியாயம் பிழையில்லை. இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொன்னது அவளுக்காக அல்ல. நல்ல நியாயம் கையில் இருக்கும்போது நாங்கள் எவ்வளவு கெட்ட காரியத்தையும் துணிந்து செய்துவிடுவோம். அன்று நானும் அப்படித்தான் துணிந்தேன்.

புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். "சரியா எழுது. இல்லாட்டி நீ கள்ளம் செய்ததை அப்பாவிட்ட நானே வந்து சொல்லுவன்" என்றேன்.

அவள் எழுதினாள். கண்ணீர் தாளில் விழாமல் பாவாடையால் துடைத்துத் துடைத்து எழுதினாள். பதினைந்து கணக்கும் இருபது நிமிடத்தில் முடிந்தது. எல்லாம் சரி. எழும்பும்போது, "அண்ணாவை மறிச்சுப்போடுவினமோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"நான் அப்பாவோட கதைக்கிறன். நீ பயப்படாமப் போ" என்றேன்.

அந்த வாக்கை நம்பித்தான் அவள் போனாள். சனிக்கிழமை எனக்குச் சாம்பல்தீவில் ஒரு கலியாணவீடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உடுப்புத் தோய்த்தேன். உப்புவெளிக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். நான் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பெயர் வாசித்தேன். முதலாவது பெயர் யோகேஸ்வரி. அவள் எழும்பி வந்து முன் வாங்கில் முதல் இடத்தில் இருந்தாள். தலை நிமிரவில்லை. நடேசன் பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, "என்ர தங்கச்சி" என்று காட்டினான். பிறகு அவனுடைய பெயரும் வந்தது. ஐந்தாம் வாங்கில் மூன்றாம் இடம். இரண்டு வருடமாகச் சுவரோரத்தில் இருந்தவன், வாய்கொள்ளாத சிரிப்போடு வந்து அந்த இடத்தில் இருந்தான். முன்னேறிவிட்டோம் என்ற நினைப்பில் அவனுக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் ஒருத்திக்குத்தான் எல்லாம் விளங்கியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஐந்தாம் வாங்கில் மூன்றாம் இடம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் நான் ஓடினேன். அந்தச் சனிக்கிழமை உப்புவெளிக்குப் போய்த் தகப்பனோடு கதைத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார்.

"நீங்கள் காட்டித் தந்தபடியால்தான் ரீச்சர் எனக்கும் விளங்கினது. ஒண்டு ஓடுது, ஒண்டு தவழுது. தவழுறதுக்கு ஏன் கொப்பி, பென்சில்? வயலில ஒரு கை கூடினால் இவளைத் தொடர்ந்து படிப்பிக்கலாம்" என்றார்.

"அவன் இந்த முறை நல்லாச் செய்திருக்கிறான்" என்றேன்.

"தங்கச்சி தொண்ணூறுக்கு மேல எண்டு சொல்லினம். அவன் அதில பாதி. நீங்கள்தானே ரீச்சர் புள்ளி போட்டனீங்கள்?"

நடேசன் அன்று வீட்டில் இல்லை, தம்பலகாமத்தில் நின்றான். யோகம் தேநீர் கொண்டுவந்து தந்தாள். "எடுங்கோ ரீச்சர்" என்றாள். வீட்டுக்கு வந்த ஆளை உபசரிக்கும் பெரிய பொம்பிளையின் குரல் அது.

அந்த வருடம் முழுவதும் அவள் எனக்கு ஒரு கரைச்சலும் தரவில்லை. கேட்டால் "ஓம் ரீச்சர்", கேட்காவிட்டால் பேச்சில்லை. இடைவேளையில் விளையாடப் போவதில்லை, தாள்களைச் சேகரித்து அடுக்கித் தருவாள். வித்தியாதிகாரி ஒருவர் வகுப்புப் பார்க்க வந்தபோது, "என்ன பொறுப்பான பிள்ளை, பெரிய மனுசி மாதிரி" என்று மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. பெரிய மனுசி மாதிரி இருக்கும் பிள்ளையைக் கண்டால் மெச்சாதீர்கள். அந்தப் பிள்ளையின் விளையாட்டை யார் பறித்தது என்று கொஞ்சம் அக்கம் பக்கம் பாருங்கள். பறித்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.

அவள் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அவள் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டாள். எனக்கு நினைத்ததிலும் கெதியாக இடமாற்றம் வந்தது. அரிவரி வாத்தியார் என்னிடம் ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பல ஊர் சுற்றி, கடைசியில் இதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். ஒரு தை மாதம், அரிவரிக்குப் பிள்ளை சேர்க்கும் நாள். என் கந்தோர் அறை வாசலில் ஒரு மனிதன் சின்னப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, நாற்பது வயதுக்காரனைப் போலத் தெரிந்தான். கணக்குப் பார்த்தால் முப்பதுகூட இல்லை. நடேசன்.

"என்னை ஞாபகமோ ரீச்சர்?" என்றான். ஞாபகமோ என்று என்னைக் கேட்டான்.

இருக்கச் சொன்னேன். தம்பலகாமத்திலேயே உழவு மெசின் ஓட்டுகிறானாம். இப்போது மாமனார் வீட்டோடு எங்கள் பக்கம் வந்திருக்கிறானாம். விண்ணப்பத்தில் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "இவனும் என்னை மாதிரித்தான் ரீச்சர். கொஞ்சம் ஆறுதல். அவசரப்படுத்தாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான்.

"யோகம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"மட்டக்களப்பில நேர்ஸ் வேலை. போன வைகாசியில கலியாணம் முடிஞ்சுது." பையனின் தலையைத் தடவினான். பிறகு, "ஒரு கதை ரீச்சர். கலியாணத்துக்கு முதல் நாள் என்னைத் தனியக் கூப்பிட்டு, காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள். அந்தச் சோதினையில எனக்காக முதல் பிழையாத்தான் எழுதினவளாம். பிறகு முன் வாங்கில இருக்க ஆசை வந்து, உங்களிட்டக் கெஞ்சித் திருப்பி எழுதினவளாம். தன்ர ஆசையாலதான் என்ர படிப்புப் போனதெண்டு இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வைச்சிருந்திருக்கிறாள். விசரி. நான் சொன்னன், சின்னப் பிள்ளை, உனக்கு ஆசை வராமல் இருக்குமோ எண்டு" என்றான்.

எந்தச் சின்னப் பிள்ளைக்கு எந்த ஆசை வந்தது? கெஞ்சியவள் எதற்காகக் கெஞ்சினாள்? இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் தலைமையாசிரியை, அந்தப் பக்கம் என்னை நம்பி மகனைக் கொண்டுவந்த தகப்பன். பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "பிள்ளையின்ர பிறந்த திகதி என்ன?" என்று கேட்டேன்.

அவள் அண்ணனிடம் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, அல்லது அந்தத் தாளை எழுதிய கை தன்னுடையது என்பதால் உண்மையாகவே அப்படி நம்பிவிட்டாளா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் கெதியாக வளருகிறார்களா, ஆறுதலாக வளருகிறார்களா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவசரப்பட்டவளைத்தான் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பறையில் இருந்த இரண்டு பேரில் வளர்ந்தவள் நானல்ல.

போகும்போது நடேசன் தங்கையின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தான். "ஒரு கடிதம் போடுங்கோ ரீச்சர், சந்தோசப்படுவாள்" என்றான். அது நடந்து ஆறு வருடம். விலாசம் என்னிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத முடிந்த எனக்கு, அவளுக்கு இன்னும் ஒரு வரி எழுத முடியவில்லை.